கல்லில் எழுதிய மக்களும் சேறு கக்கும் மலைகளும்

எரிமலை என்ற சொல்லைக் கேட்டவுடன் நெருப்புக் குழம்பும் புகையும் சாம்பலுமே நினைவிற்கு வரும். ஆனால், கைவைத்தால் குளிரும் சேற்றைக் கக்கும் மலைகளும் உலகில் உண்டு. அவ்வாறே, வரலாறு என்றவுடன் ஏடும் கல்வெட்டும் செப்பேடும் நினைவிற்கு வரும். ஆனால், எழுத்து என ஒன்று தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்பே, பாறையைக் கொத்தித் தம் வாழ்வைப் பதித்து வைத்த மக்களும் உண்டு. இவ்விரண்டு விந்தைகளையும் ஒரே நாளில், ஒரே வட்டாரத்தில் காணக்கூடிய இடம் ஒன்றுளது. அதுவே காஸ்பியன் கடலின் மேற்குக் கரையில், அசர்பைஜான் நாட்டிலுள்ள கோபுஸ்தான்.

அந்நாட்டின் தலைநகராகிய பாக்கூவிற்குச் செல்லும் பயணிகள், வழிகாட்டி ஒருவர் துணையுடன் காலையில் புறப்பட்டு, மாலைக்குள் இவ்விடங்களைக் கண்டு திரும்புவது வழக்கம். கோபுஸ்தான் பாக்கூவிற்குத் தென்மேற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்குக் காண்பன யாவை, அவற்றால் அறியலாகும் உண்மைகள் யாவை, அவை அழியாமல் எஞ்சியது எவ்வாறு என்பவற்றை இக்கட்டுரை விளக்கும்.

நிலமும் பெயரும்

பாக்கூவை விட்டு நீங்கிய பேருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கு நோக்கிச் செல்லும். இடப்புறம் காஸ்பியன் கடல். பெயரால் கடலாயினும் அஃது உண்மையில் நிலத்தாற் சூழப்பட்ட பேரேரியே. உலகில் அதனினும் பெரிய ஏரி வேறில்லை. அதன் நீர்மட்டம் பெருங்கடல்களின் மட்டத்தினும் ஏறக்குறைய 29 மீட்டர் தாழ்ந்துள்ளது. வலப்புறம் மரமற்ற, மழை அரிதான மேட்டு நிலம். இடையிடையே எண்ணெய்க் கிணறுகள். பச்சைப் பசேலென்ற பால்மரக் காட்டையும் செம்பனையையும் கண்டு பழகிய கண்களுக்கு இந்நிலம் வேறோர் உலகமாகவே தோன்றும்.

'கோபு' என்பது அந்நாட்டு மொழியில் வறண்ட பள்ளத்தாக்கைக் குறிக்கும். பள்ளங்கள் நிறைந்த நாடு ஆதலின் கோபுஸ்தான் ஆயிற்று. இங்குள்ள குன்றுகளின் மேற்பகுதி கெட்டியான சுண்ணாம்புப் பாறையால் ஆனது. அதன் அடியில் உள்ளவை மென்மையான படிவுகள். காற்றும் மழையும் மென்மையான அடிப்பகுதியை அரிக்க, தாங்குவாரற்ற மேற்பாறை பெரும் பெரும் துண்டுகளாகப் பிளந்து சரிவில் உருண்டு ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நின்றது. அவ்வாறு நின்ற பாறைகளுக்கு இடையே குகை போன்ற மறைவிடங்கள் அமைந்தன. அம்மறைவிடங்களே பண்டைய மக்களின் வீடுகள். அப்பாறைச் சுவர்களே அவர்களின் சித்திரப் பலகைகள்.

கல்லுடைப்போர் கண்ட சித்திரங்கள்

இப்பாறைகள் பன்னெடுங்காலம் எவருடைய கருத்தையும் ஈர்க்காமற் கிடந்தன. கட்டடத்திற்கும் சாலைக்கும் கல் தேவைப்பட்டபொழுது, இக்குன்றுகளில் கல் வெட்டும் தொழில் நடந்தது. 1930ஆம் ஆண்டுகளில் கல்லுடைக்கும் தொழிலாளர்களே பாறைகளின் மேல் உருவங்கள் இருப்பதைக் கண்டனர் என்று கூறுவர். இசாக் ஜாபர்சாதே என்னும் அசர்பைஜானியத் தொல்பொருள் அறிஞர் அவற்றை ஆராயத் தலைப்பட்டார். அவர் 1939இல் தொடங்கிய பணி, போருக்குப் பின் 1947 முதல் முறையாகத் தொடர்ந்தது. பாறை பாறையாக ஏறி, உருவம் உருவமாக எண்ணிப் படியெடுத்து, 1965ஆம் ஆண்டு வரையில் ஏறக்குறைய 750 பாறைகளில் 3,500 உருவங்களை அவர் பதிவு செய்தார். அவ்வாராய்ச்சியின் பயனாக, 1966இல் அப்பகுதி அரசாங்கக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அவர் எழுதிய 'கோபுஸ்தான்' என்னும் நூல் 1973இல் வெளிவந்தது.

பின்வந்த அறிஞர்கள் மேலும் பலவற்றைக் கண்டனர். இன்று அறியப்பட்டுள்ள உருவங்கள் 6,000க்கு மேற்பட்டன. பொயுக்தாஷ், கிச்சிக்தாஷ், ஜிங்கிர்தாக் என்னும் மூன்று குன்றுப் பகுதிகளில் இவை பரவியுள்ளன. முன்னிரண்டு பெயர்களுக்கும் பெருங்கல், சிறுகல் என்பது பொருள். 537 ஹெக்டர் பரப்புள்ள இவ்விடத்தை 2007ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஒருவரது விடாமுயற்சி இல்லாதிருப்பின் இவற்றுள் எத்தனை சுவர்க் கல்லாகவும் சாலைச் சல்லியாகவும் மாறியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பாறை கூறும் செய்தி

பயணிகள் பெரும்பாலும் காண்பது பொயுக்தாஷ் குன்றையே. அடிவாரத்திலுள்ள பொருட்காட்சிச் சாலையைக் கண்டபின், பாறைகளினூடே செல்லும் நடைபாதையில் வழிகாட்டி அவர்களை அழைத்துச் செல்வார். முதலில் ஒன்றும் கண்ணுக்குப் புலனாவதில்லை. வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில், கோடுகளின் பள்ளங்களில் நிழல் தங்கும்; அப்பொழுது எருதொன்று பாறையிலிருந்து வெளிப்பட்டு வருவதுபோல் தோன்றும்.

அவ்வுருவங்களுள் காட்டெருதுகள் உண்டு. அவ்வினம் இன்று உலகிலேயே இல்லை. காட்டாடு, மான், குதிரை, சிங்கம் ஆகியவையும் உண்டு. வில்லேந்திய வேடர்கள் நிற்கின்றனர். அகன்ற இடையுடைய பெண்கள் உளர். கைகோத்து வரிசையாக ஆடும் ஆடவர் உளர். அசர்பைஜானியர் இன்றும் திருவிழாக்களில் 'யல்லி' என்னும் வரிசை நடனம் ஆடுகின்றனர். பாறையிற் காணும் ஆட்டம் அதன் முன்னோடி என அந்நாட்டார் பெருமையுடன் கூறுவர். பிற்காலத்து உருவங்களில் ஒட்டக வரிசையும் படைக்கலம் தாங்கிய குதிரை வீரரும் காணப்படுகின்றனர். ஆகவே இஃது ஒரு தலைமுறையினர் செய்த வேலையன்று. கற்காலம் தொட்டு இடைக்காலம் வரை பல தலைமுறையினர் ஒருவர்பின் ஒருவராக எழுதிய பெருநூல் என்க.

இன்று புல்லும் அரிதாகிய இந்நிலத்தில் காட்டெருது எவ்வாறு மேய்ந்தது என்ற ஐயம் எழலாம். பனியூழி முடிந்தபின் இப்பகுதியில் ஈரமான காலம் ஒன்று நிலவியது. அப்பொழுது புல்வெளியும் மரங்களும் இங்கிருந்தன. கடலும் இன்றினும் குன்றுகளுக்கு அணித்தாக இருந்தது. ஆகவே, இவ்வுருவங்கள் மக்களின் வாழ்வை மட்டுமன்றி, மறைந்துபோன ஒரு தட்பவெப்ப நிலையையும் அறிவிக்கின்றன.

இங்கே மற்றொரு பொருளையும் வழிகாட்டி காட்டுவார். அது 'கவால் தாஷ்' என்னும் பெரிய கல். கவால் என்பது நம் கஞ்சிராவைப் போன்ற ஒரு தோற்கருவி. இக்கல் அடிப்புறம் முழுவதும் நிலத்திற் படியாமல், சில முனைகளில் மட்டும் தாங்கி நிற்கின்றது. சிறு கல்லால் தட்டினால் உலோகம் போல் ஓசை எழும். ஊஞ்சற்பலகையைத் தட்டும்பொழுதும் தரையிற் கிடக்கும் பலகையைத் தட்டும்பொழுதும் எழும் ஓசைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும்.

காலத்தை அறிவது எங்ஙனம்?

கல்லின் வயது வேறு. கல்லின்மேல் கீறிய கோட்டின் வயது வேறு. ஆதலின் பாறைச் செதுக்கல்களின் காலத்தை வரையறுத்தல் எளிதன்று. அறிஞர் இதற்குப் பல வழிகளைக் கையாளுவர். முதலாவது, ஓர் உருவத்தை வெட்டிக்கொண்டு மற்றோர் உருவம் செல்லுமாயின், வெட்டிச் செல்வதே பிந்தியது. இரண்டாவது, குகைத் தரையில் அடுக்கடுக்காகப் படிந்த மண்ணில் சாம்பலும் எலும்பும் கற்கருவிகளும் கிடைக்கும். அவற்றின் காலத்தை அறியலாம். சுவரிலுள்ள உருவத்தை மூடியவாறு ஒரு மண்ணடுக்கு இருப்பின், அவ்வுருவம் அவ்வடுக்கினும் முந்தியதாதல் வேண்டும். மூன்றாவது, வரையப்பட்ட பொருளே காலத்தைச் சுட்டும். குதிரைமேல் வீரனைக் கண்டால், அது மனிதன் குதிரையேறக் கற்றபின் செய்யப்பட்டது என்பது வெளிப்படை.

எழுத்து இருப்பின் காலம் இன்னும் தெளிவாகும். பொயுக்தாஷ் அடிவாரத்தில் இலத்தீன் மொழியில் ஒரு கல்வெட்டு உளது. 1948இல் இது கண்டறியப்பட்டது. உரோமப் பேரரசன் தோமீத்தியன் பெயரும், பன்னிரண்டாம் படைப்பிரிவைச் சேர்ந்த லூசியஸ் ஜூலியஸ் மாக்சிமஸ் என்னும் நூற்றுவர் தலைவன் பெயரும் அதிற் காணப்படுகின்றன. அதில் ஆண்டு குறிக்கப்படவில்லை. ஆயினும், பேரரசனுக்கு 'ஜெர்மானிக்கஸ்' என்னும் பட்டம் அதில் வழங்கப்பட்டுள்ளது. அப்பட்டத்தை அவன் கி. பி. 83ஐ ஒட்டிய காலத்தில் ஏற்றான், 96இல் கொலையுண்டான். எனவே அறிஞர் இதனை கி. பி. 84க்கும் 96க்கும் இடைப்பட்டதெனக் கொள்வர். உரோமக் கல்வெட்டுகளுள் கிழக்கே மிகத் தொலைவில் கிடைத்தவற்றுள் இஃது ஒன்று. அப்படைப்பிரிவின் பாசறையோ இன்றைய துருக்கி நாட்டின் கிழக்குப் பகுதியில் இருந்தது. ஒரு சொல், ஒரு பட்டம், எவ்வளவு பெரிய சான்றாகிவிடுகின்றது!

படகுகளும் ஒரு கொள்கையும்

கோபுஸ்தான் பாறைகளில் பலரை வியக்கவைப்பவை படகு உருவங்கள். நீண்ட படகு, அதில் வரிசையாக மனிதர், சிலவற்றின் முகப்பில் சூரியன் போன்ற வட்டம். 1947இல் 'கோன்-டிக்கி' என்னும் கட்டுமரத்தில் பசிபிக் கடலைக் கடந்து புகழ்பெற்ற நார்வே நாட்டுத் தோர் ஹெயர்தால் 1981இல் இங்கு வந்து இவற்றைக் கண்டார். தம் நாட்டுப் பாறைகளில் உள்ள படகுகளைப் போன்றே இவை இருப்பதால், வடநாட்டு மக்களின் முன்னோர் இங்கிருந்தே சென்றிருத்தல் கூடும் என்ற கொள்கையைப் பின்னர் வெளியிட்டார்.

நார்வே நாட்டு வரலாற்றறிஞரும் தொல்பொருள் அறிஞரும் இக்கொள்கையை ஏற்கவில்லை. காரணம் யாது? வடிவ ஒற்றுமை ஒன்றே உறவிற்குச் சான்றாகாது. நீரின் அருகே வாழும் மக்கள் எங்கும் படகு செய்வர். பாறையில் அதனைப் பக்கவாட்டில் வரைபவன் எவனாயினும் ஒரு வளைகோடும் சில நெடுங்கோடுகளுமே வரைவான். இடைப்பட்ட நாடுகளில் தொடர்ச்சியான சான்றுகள் கிடைத்தல் வேண்டும். காலமும் ஒத்துவருதல் வேண்டும். பெயர் ஒலிக்கும் ஒற்றுமையையும் சித்திர ஒற்றுமையையும் மட்டும் கொண்டு, 'எம் முன்னோரே அங்குச் சென்றனர்' என்று முழங்குவார் எல்லா இனத்திலும் உளர், தமிழரிடையேயும் உளர். ஹெயர்தாலின் துணிவு போற்றற்குரியது. ஆயினும் துணிவு வேறு, நிறுவுதல் வேறு.

சேறு கக்கும் மலைகள்

நண்பகலுக்குப் பின் பயணிகள் சேற்று எரிமலைகளை நோக்கிச் செல்வர். கரடுமுரடான மண்பாதையில் பெரிய பேருந்துகள் செல்ல இயலாமையால், உள்ளூர் ஓட்டுநர்கள் சோவியத் காலத்துப் பழைய லாடா கார்களில் பயணிகளை ஏற்றிச் செல்வது பல்லாண்டு வழக்கமாக இருந்து வந்தது. குலுங்கிக் குலுங்கி மேட்டை அடைந்தால், சாம்பல் நிறத் திடலில் ஆளுயரமும் அதற்கு மேலும் உள்ள கூம்புகள் நிற்பதைக் காணலாம். ஒவ்வொன்றின் உச்சியிலும் கூழ் கொதிப்பதுபோல் சேறு குமிழியிடும். குமிழி பெருத்து, 'பொளக்' என வெடித்து, சேறு விளிம்பில் வழிந்தோடும். தொட்டால் சுடுமோ என அஞ்சுவோர் தொட்டபின் சிரிப்பர். அது குளிர்ந்தே இருக்கும்.

உலகிலுள்ள சேற்று எரிமலைகளுள் ஏறக்குறைய 350 அசர்பைஜான் நிலத்திலும் அதனை அடுத்த கடலிலும் உள்ளன. வேறெந்த நாட்டிலும் இத்தனை நெருக்கமாக இவை இல்லை. இதன் காரணம் நிலத்தினடியில் உளது.

தென்காஸ்பியன் பள்ளம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஆறுகள் கொணர்ந்த வண்டலால் நிரம்பியது. அவ்வண்டலின் கனம் சில இடங்களில் 20 கிலோமீட்டருக்கும் மேலாகும். வண்டல் மெல்லப் படியுமாயின், மேற்சுமை அழுத்தும்பொழுது அடியிலுள்ள நீர் கசிந்து வெளியேறிவிடும். இங்கோ மிக விரைவாகப் படிந்தமையால், இரண்டு மூன்று கோடி ஆண்டுகட்கு முற்பட்ட களிமண் அடுக்குகளில் நீர் வெளியேற வழியின்றி அகப்பட்டுக்கொண்டது. அக்களியிற் புதைந்த உயிர்ப்பொருள்கள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் மாறின. அன்றியும், நிலத்தட்டுகள் இருபுறமும் நெருக்குவதால் பாறைகள் மடிந்து விரிசல் கண்டன. நீரும் வாயுவும் நிறைந்த இளகிய களி அவ்விரிசல் வழியே மேலெழுகின்றது. மாவும் நீரும் கரைத்து நிரப்பிய பையை இறுக மூடி அழுத்தினால், சிறு ஓட்டை வழியே கூழ் பீறிடுவது போன்றதே இது.

ஆகவே எரிமலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தெளிவு. எரிமலை உருகிய பாறையைக் கக்கும். இது கரைந்த களியைக் கக்கும். இதன் வாயுவிற் பெரும்பகுதி மீத்தேன். அது நிறமற்றது, எளிதிற் பற்றி எரிவது. சேற்றோடு ஆழத்திலுள்ள பாறைத் துண்டுகளும் மேலே வருவதால், துளைபோடாமலேயே நிலத்தின் அடிப்பகுதியை அறிய இவை ஆராய்ச்சியாளர்க்கு உதவுகின்றன. எண்ணெய் தேடுவோர்க்கும் இவை ஓர் அடையாளம்.

பாக்கூ நகரை அடுத்த சுராகானியில், நிலத்தினின்று கசிந்த இத்தகைய வாயுவின் நெருப்பை வைத்து ஒரு வழிபாட்டிடம் எழுந்தது. வட இந்திய வணிகர்கள் அங்குச் சென்று வழிபட்டதைத் தேவநாகரியிலும் குருமுகியிலும் உள்ள கல்வெட்டுகள் இன்றும் காட்டுகின்றன. நிலத்தடி வாயு தீர்ந்துபோனமையால், இப்பொழுது குழாய் வழியே வாயு செலுத்தி அங்கு நெருப்பு எரிக்கப்படுகின்றது.

விளையாட்டுப் பொருளன்று

குமிழியிடும் கூம்புகளைக் கண்டு சிறுவர் கைதட்டி மகிழ்வர். ஆயினும் இவை எப்பொழுதும் இவ்வாறே இருப்பனவல்ல. விரிசல் அடைபட்டு, உள்ளே வாயு திரண்டு, திடீரென வெடிக்கும் காலமும் உண்டு. அப்பொழுது கற்கள் ஒன்றோடொன்று உராய்ந்து எழும் பொறியே வாயுவைப் பற்றவைக்கப் போதுமானது. பாக்கூவிற்கும் கோபுஸ்தானுக்கும் இடையிலுள்ள லோக்பாத்தான் அடிக்கடி பொங்குவதாற் பெயர்பெற்றது. 'ஒட்டகம் புதைந்த இடம்' என்பது அப்பெயரின் பொருள் என்பர். 2018 செப்டம்பரில் ஒத்மான் போஸ்தாக் என்னும் சேற்று எரிமலை வெடித்துத் தீப்பிழம்பு விண்ணோக்கி எழுந்தது. 2021 ஜூலை 4ஆம் நாள் இரவு காஸ்பியன் கடலிலுள்ள ஒரு சிறு தீவில் நிகழ்ந்த வெடிப்பின் தீ பாக்கூவிலிருந்தும் தெரிந்தது.

கடலடியில் உள்ளவை தீவுகளையே ஈன்று பின் இழப்பதும் உண்டு. குமானி என்னும் திட்டு 1861இல் முதன்முதல் தீவாக வெளிப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அலைகள் அதனைக் கரைத்துவிட்டன. அதன்பின் பலமுறை தோன்றி மறைந்தது. 2023இல் மீண்டும் தலைகாட்டி, 2024 இறுதிக்குள் பெரும்பாலும் கரைந்து போயிற்று.

நமக்கு அண்மையிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. சபாவின் கரையை அடுத்த தீகா தீவில், 1897 செப்டம்பர் 21ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டின் மிந்தனாவில் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தை அடுத்துச் சேறு பொங்கிற்று. இன்றும் அங்குச் சேற்று ஊற்றுகள் உள்ளன. கிழக்கு ஜாவாவின் சிதோவார்ஜோவில் 2006 மே 29ஆம் நாள் வெளிப்படத் தொடங்கிய வெந்த சேறு, ஊர்களையும் பள்ளிகளையும் வயல்களையும் மூடிப் பல்லாயிரவரை வீடிழக்கச் செய்தது. அருகில் நடந்த துளைபோடும் வேலையே காரணம் என்பர் ஒருசாரார். இருநாள் முன்னர் நேர்ந்த நிலநடுக்கமே காரணம் என்பர் மற்றொரு சாரார்.

காத்தல் யார் கடமை?

கோபுஸ்தான் நெடுங்காலம் நிலைத்தமைக்கு அதன் தனிமை ஒரு காரணம். இன்று அத்தனிமை இல்லை. செதுக்கல்கள் திறந்த வெளியில் உள்ளன. வெயிலும் உப்புக் காற்றும் பாறையின் மேற்பரப்பைச் சிறிது சிறிதாக உதிர்க்கின்றன. அவற்றோடு மனிதரின் கையும் சேருமாயின் அழிவு விரைவாகும். கோடு தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணக்கட்டியால் தேய்ப்பதும், தம் பெயரை அருகே கீறுவதும் உலகெங்கும் காணும் தீய வழக்கங்கள். ஒருநாட் பயணி ஒருவர் செய்யும் பிழை பத்தாயிரம் ஆண்டுச் சான்றைக் கெடுத்துவிடும்.

இது தொலைநாட்டுச் செய்தி மட்டுமன்று. ஈப்போவிற்கு அருகே தம்பூன் சுண்ணாம்புக் குன்றில், செங்காவியால் தீட்டிய பண்டைய ஓவியங்கள் உள்ளன. 1959இல் கூர்க்காப் படையைச் சேர்ந்த ஓர் அதிகாரி அவற்றைக் கண்டு அறிவித்தார். மானும் மனிதரும் கடற்பசு போன்ற உயிரும் அங்குத் தீட்டப்பட்டுள்ளன. பின்னர் நடந்த ஆராய்ச்சியில் அறுநூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் பதிவு செய்யப்பட்டன. கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் பல, சிமெண்டிற்கும் சலவைக் கல்லிற்கும் வெட்டப்பட்டு வருவதை அவ்வழிச் செல்வோர் யாவரும் அறிவர். கல் வெட்டும் தொழிலால் மக்கள் பிழைக்கின்றனர். வீடும் பாலமும் எழுகின்றன. அதனை முற்றும் வேண்டாவென்று கூறுதல் இயலாது. ஆயினும், எந்தக் குன்றை வெட்டலாம், எந்தக் குன்றைத் தொடலாகாது என்று துணிவதற்கு முன், அக்குன்றில் என்ன இருக்கின்றது என்று ஏறிப் பார்த்தவர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். கோபுஸ்தானில் அவ்வாறு ஏறிப் பார்த்தவர் ஜாபர்சாதே.

பாக்கூ வரை செல்லும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டாது. பேராக்கில் வாழும் மாணவர்க்குத் தம்பூன் தொலைவன்று. ஆசிரியர்கள் அவர்களை ஒருநாள் அங்கு அழைத்துச் செல்லலாம். செல்லும்பொழுது ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டுபோதல் நன்று. உருவங்களைக் கண்ணாற் கண்டு, தாளில் வரைந்துகொண்டு, பாறையைத் தொடாமல் திரும்பி வருதல் அதனினும் நன்று.